ஆடி முடித்து ஊர் திரும்பியவர்களுக்கு

கல்லூரி அணியில் கால்பந்து ஆடிவிட்டு, சேத்தூர், தேவதானம், முகவூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அவரவர் ஊருக்குத் திரும்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



சித்திரை முடிவதற்குள் கல்லூரிப் பரீட்சை முடிந்துவிடும். வழியனுப்பு விழா நடக்கும். பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டார் எல்லோரும் வந்து, கறுப்பு அங்கியோடு உங்களை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்தது என்று சொல்ல இத்தனை சடங்கு இருக்கிறது. ஆட்டம் முடிந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மண்டலப் போட்டியில் கால் இறுதியில் தோற்று, கிடைத்த பஸ்ஸில் ஏறி, நடுராத்திரியில் ராஜபாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அதுதான் கடைசி ஆட்டம் என்று அன்றைக்கு உங்களுக்கே தெரிந்திருக்காது.

நானும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்த ஒரு கல்லூரிக்கு லெஃப்ட் பேக் ஆடியவன். சொந்த ஊர் சேத்தூர். இப்போது தளவாய்புரத்தில் நைட்டி கட்டிங் வேலை பார்க்கிறேன். உங்களில் பலரைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் சந்திக்கிறேன். "என்ன தம்பி, இப்ப ஆடுறது உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் காலேஜோட போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறீர்கள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனது போகட்டும் என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது. பத்துப் பதினோரு வயதிலிருந்து இருபத்தொரு வயதுவரை, வளர்கிற பருவம் முழுக்க, சாயங்காலம் ஆனால் நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று இருந்தது. நீங்கள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். உங்கள் இடத்தில் வேறொருவனை நிறுத்தினால் ஆட்டம் கோணிப்போனது. கோப்பையும் கைதட்டலும் போனதைக்கூட மனசு கொஞ்ச நாளில் மறந்துவிடும். நம்மை எதிர்பார்த்து நாலு பேர் நிற்கும் இடம் இல்லாமல் போவதை அது எளிதில் மறக்காது. அந்த இடத்தை நம் ஊரிலேயே மறுபடியும் உண்டாக்கிக்கொள்ள முடியும். உங்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கல்லூரிக்குப் பிறகு நம் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறார். ஒருவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் நிற்கிறார். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். இன்னொருவர் காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் தென்காசி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார். எல்லாம் கௌரவமான உழைப்பு. ஆனால் நாலரை மணி ஆனதும் காரணமில்லாமல் ஒரு எரிச்சல் வருகிறதா? வீட்டில் சின்னச் சொல்லுக்கும் கோபம் வருகிறதா? டிவியில் மேட்ச் ஓடினால் பார்க்கப் பிடிக்காமல் சேனலை மாற்றுகிறீர்களா? சாயங்காலத்தைப் போக்கத் தெரியாமல் டாஸ்மாக் பக்கம் கால் போகிறதா? இவையெல்லாம் உங்களுக்கு மட்டும் வந்த குணக்கேடு என்று நினைக்காதீர்கள்.

தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்டத்தை விட்ட வீரர்களில் 35 விழுக்காட்டினர் தங்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருப்பதாக அதில் தெரிவித்திருந்தார்கள். சம்பளம் வாங்கி ஆடி, பேரும் புகழும் கண்டவர்கள் அவர்கள். விளையாட்டு உளவியல் ஆய்வாளர் பிரிட்டன் புரூவரும் அவருடைய சகாக்களும் 1993-லேயே இதன் வேரைத் தொட்டுக் காட்டினார்கள். 'நான் ஒரு ஆட்டக்காரன்' என்பதை மட்டுமே தன் அடையாளமாகப் பிடித்துக்கொண்டவருக்கு ஆடுகிறவரை அது பெரிய பலம். ஆட்டம் நின்றுபோனால் அதே பிடிப்பு அவரைச் சாய்த்துவிடும்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஆட்டம் கல்லூரியோடு நிற்பதும் அதிசயமில்லை. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பார்க்க லட்சம் பேர் கூடும் மைதானங்கள் இருக்கின்றன. அவர்கள் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். அத்தனை பணமும் வசதியும் உள்ள அங்கேயே, கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை அணிக்குப் போவதில்லை. ஆகவே, மேலே போக முடியாததை உங்கள் கையாலாகாத்தனம் என்று எண்ணிக் குமையவேண்டாம்.

இந்தியக் கால்பந்தில் நான் மிகவும் மதிக்கும் ஒரு கல்லூரி ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். தாலிமெரன் ஆவோ, இன்றைய நாகாலாந்தின் சாங்கி என்ற ஊரில் 1918-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகன் டாக்டராகிச் சொந்த ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. 1935-ல் டைபாய்டு காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோனது. மகன் குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்து, 1942-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைக்கு அது ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி. பகலில் மருத்துவப் பாடம், சாயங்காலம் மோகன் பகான் அணி என்று அவருடைய வருஷங்கள் ஓடின.

1948 லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தி நடந்தவரும் அவரே. ஜூலை 31 அன்று பிரான்ஸோடு ஆட்டம். நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. ஒரே ஆட்டத்தோடு இந்தியா வெளியேறியது.

கேப்டன் திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார். 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1953-ல் கோகிமா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நாகாலாந்து தனி மாநிலமான 1963-ல் அதன் சுகாதாரத் துறை இயக்குநரானார். 1978-ல் ஓய்வுபெறும்வரை தன் மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஒலிம்பிக் ஆடியவர் என்ற பெருமையை வைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் ஆடிக்கொண்டிருந்த நாளிலேயே அவருக்கு இன்னோர் இடம் காத்திருந்தது. மலையில் வைத்தியத்துக்கு ஆள் இல்லாத ஜனங்கள் அவரை எதிர்பார்த்து இருந்தார்கள். அதனால் ஆட்டம் முடிந்தபோது அவருக்குப் போக்கிடம் இருந்தது.

இன்னொருவர் வி.பி. சத்யன். கண்ணூர் பக்கத்துச் சொக்லியில் பிறந்தவர். கேரளப் போலீஸ் அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தூணாக நின்றவர். 1992-ல் நம் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் டிராஃபி இறுதிப் போட்டியில் கேரளத்துக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். 1995-ல் நாட்டின் சிறந்த வீரர் விருது பெற்றார். அந்த டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று வங்கதேசத்தை வென்றது. ஒற்றைக் கோலை அடித்தவர் நம் சென்னைக்காரர் சபீர் பாஷா. சத்யனும் பாஷாவும் இந்தியன் வங்கி அணியில் சேர்ந்து ஆடியவர்கள்.

சத்யனுக்கு வங்கி வேலை இருந்தது. குடும்பம் இருந்தது. பிறகு பயிற்சியாளர் பொறுப்பும் இருந்தது. ஆனாலும் பழைய காயங்களும் மன அழுத்தமும் அவரை விடவில்லை என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2006 ஜூலை 18 அன்று சென்னையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 41. சபீர் பாஷா பயிற்சியாளராகத் தொடர்ந்து, சென்னையின் எஃப்.சி.யின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பையும் 2022-ல் இடைக்காலத்துக்கு ஏற்றார். ஒரே அணியில் ஆடிய இருவரை ஒப்பிட்டு இவர் ஜெயித்தார், அவர் தோற்றார் என்று பேசுவது பாவம். யார் மனசு எப்போது உடையும் என்று பதக்கத்தையும் சம்பளத்தையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனசு தொடர்ந்து கனத்தால் வெளியே சொல்லுங்கள். தொடைத் தசை பிடித்தால் கையைத் தூக்கி மாற்று ஆள் கேட்டீர்களே, அதில் என்றைக்காவது வெட்கப்பட்டீர்களா? 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

தங்கைகளே, உங்கள் ஆட்டம் இன்னும் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது. தம்பிகளுக்கு வேலை வந்து நிறுத்துகிறது என்றால் உங்களுக்குக் கல்யாணப் பேச்சு வந்து நிறுத்துகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண் கால்பந்து ஆடியவள் என்பதையே சொல்லாமல் மறைத்த வீடுகள் நம் பக்கம் உண்டு. வெயிலில் கறுத்துவிட்டாய், கால் தடித்துவிட்டது என்று சொல்லும் அத்தைமார்களும் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: நம் விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டிக்குப் பக்கத்துப் புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியோடு தொடர்புடைய சேது எஃப்.சி. மகளிர் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. கடலூரிலிருந்து வந்து இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். ஆடிய பெண் குடும்பத்துக்குப் பாரமாகப் போகவில்லை. குடும்பத்தைத் தாங்கும் ஆளாக வந்து நின்றார். நீங்கள் ஆடியதை யாரிடமும் மறைக்காதீர்கள். பிறக்கும் பிள்ளைக்கும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் காகிதங்கள். உங்கள் சர்டிபிகேட் ஃபைலை ஒருமுறை எடுத்துப் பிரியுங்கள். மண்டல அளவில் இரண்டாம் இடம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதலிடம், பொங்கல் செவன்ஸ் கோப்பையின் சிறந்த பேக் என்று பளபளப்பான தாள்கள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் பி.டி. சாரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் இருக்கும். ஒரு வேலை நேர்காணலுக்கு இதே போன்ற கட்டைக் கொண்டுபோனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடியிருக்கீங்களா? படிவம் 3 இருக்கா?" என்றார். இல்லை என்றதும் மொத்தக் கட்டையும் அப்படியே திருப்பிக் கொடுத்தார். மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, கல்லூரிக் கால ஆட்டங்களில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான படிவம் 3 தான் செல்லும். கல்லூரிக்கு ஆடியது அங்கே கணக்கில் வராது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் தனித் தகுதி விதிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அணியில் ஆடியும் படிவத்தை வாங்காமல் ஊருக்கு வந்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆடிய ஆதாரம் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையில் இருக்கும். வருஷம் போகப் போகத் தேடுவது கஷ்டம். இந்த மாதமே போய்க் கேளுங்கள். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக்கொடுங்கள். நமக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு நாம் சொல்லுவோம்.

உடம்பையும் மறக்காதீர்கள். ஒரு மேட்சில் சுமார் பத்துக் கிலோமீட்டர் ஓடிய உடம்பு இது. ஓட்டம் நின்றபிறகும் பசி பழைய அளவிலேயே கேட்கும். கடைக்குப் போனால் எண்ணெய் புரோட்டா நாலைந்து உள்ளே போவதே தெரியாது. இரண்டு வருஷத்தில் இடுப்பு பெருத்து, முப்பது வயதில் சர்க்கரை எட்டிப்பார்க்கும். ஆடியபோது முட்டியில் ஜவ்வு கிழிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு சமாளித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். உள்ளே முழுசாகக் கிழிந்த ஜவ்வு வெறும் கட்டுப் போட்டால் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் தொடைத் தசையை முறையாகப் பலப்படுத்தினால் அறுவை இல்லாமலேயே அன்றாட வேலையைப் பார்க்கும் பலர் இருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது மிகவும் தேவை. எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டிக் கேளுங்கள். பழைய காயத்தோடு பொங்கல் டோர்னமென்ட்டில் திடீரென்று இறங்கி மறுபடியும் முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வாருங்கள். பழையபடி ஆட அல்ல, சொல்லிக்கொடுக்க.

சேத்தூரில் நாங்கள் சிலர் அப்படித்தான் செய்கிறோம். ஆறரை மணிக்கு மேற்கு மலையில் வெயில் இறங்கும்போது பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முதல் வேலை கண்ணாடித் துண்டும் கருவேல முள்ளும் பொறுக்குவது. பிறகு பந்து. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர் பந்தைக் கொடுக்கக்கூடாது. நாலாம் நம்பர்தான் சரி. எட்டுக்குக் கீழே என்றால் மூன்றாம் நம்பர். வரும் பந்தை எல்லாப் பிள்ளையும் முதலில் காலை விறைப்பாக நீட்டித்தான் தடுக்கும். பந்து மட்டையில் பட்டதுபோல் எகிறிப் போகும். பாதத்தின் உள்பக்கத்தைத் திருப்பி, பந்து தொடும் கணத்தில் காலைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒரு சிறுமி அதைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டாள். ஒரு ஞாயிறு பந்து அவள் காலடியிலேயே நின்றுவிட்டது. அவள் பந்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு "இன்னொன்னு போடுங்கண்ணே" என்றாள். கல்லூரி நாளில் நான் தடுத்த கோல் எதுவும் எனக்கு அத்தனை சந்தோஷம் தந்ததில்லை.

உங்களுக்குள் எழும் கேள்விகளும் எனக்குத் தெரியும். ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை விசேஷ வீடு, எங்கே நேரம் என்பீர்கள். ஒருவரே எல்லா வாரமும் வரவேண்டாம். ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் விழும். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லையே, நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்பீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்திய வீரர் தேவையில்லை. பந்தை ஒழுங்காகப் பாஸ் செய்யத் தெரிந்த, திட்டாமல் பொறுமையாக நிற்கிற ஓர் அண்ணனோ அக்காவோ போதும்.

இதை முறையாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் டி லைசென்ஸ் பயிற்சியில் தொடங்கி சி, பி, ஏ என்று மேலே போகலாம். கட்டணம் உண்டு. ஓர் ஊரின் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் அவர் கற்றது ஊருக்கே வந்து சேரும். ஓடப் பிடிக்கும், ஆனால் மோத முடியாது என்கிறவர்கள் நடுவர் தேர்வு எழுதலாம். 17 விதிகளையும் கரைத்துக் குடித்து, உடற்தகுதித் தேர்வில் தேறினால் விசிலோடு மறுபடியும் மைதானத்துக்குள் நிற்கலாம். பெண் நடுவர்களும் பெண் பயிற்சியாளர்களும் நம் பக்கம் இன்னும் நிறையத் தேவை. தன் மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய், அங்கே ஒரு பெண் நிற்பதைப் பார்த்தால் தைரியமாக அனுப்புவார்.

ஆட்டம் உங்களுக்குக் கொடுத்தவை உங்களிடம்தான் இருக்கின்றன. நேரத்துக்கு எழுவது, தோற்ற மறுநாளும் பயிற்சிக்குப் போவது, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பது, சாதி கேட்காமல் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பது. கடைசியாகச் சொன்னது நம் மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. பதினோரு பேர் சட்டை நிறத்தை மட்டும் பார்த்து ஒருவரையொருவர் நம்பிய அந்தப் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுவர உங்களைவிடத் தகுந்த ஆள் வேறு யார்?

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்களோடு கல்லூரியில் ஆடி, இப்போது பேச்சுத் தொடர்பு விட்டுப்போன ஒருவருக்கு போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மைதானத்தைத் தரும்படி ஒரு மனு எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பு என்று அதில் தெளிவாக எழுதி, குறைந்தது நாலு பேர் கையெழுத்துப் போடுங்கள். சேத்தூரைச் சுற்றி எந்த ஊராக இருந்தாலும், கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து போடுகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன் ஆடிய அண்ணன்,
சேத்தூர்.